ஆண்டு முடிவில் மூன்று கொப்பிகள்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி, டிசம்பர் விடுமுறையில் டிக்கோயாவில் நம் பாடசாலை மண்டபத்தில் ஆசிரியர்களுக்காக நடைபெற்ற ஒருநாள் கருத்தரங்கில், பழைய மாணவியும் ஓய்வுபெற்ற சேவைக்கால ஆலோசகருமான ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு என்றால் விளக்கேற்றுதல், நடைபவனி, மலர் வெளியீடு என்று நாட்கள் ஓடிவிடும். அவற்றுக்கு நடுவே ஒரு முழு நாளை ஆசிரியர்களுக்கென்று ஒதுக்கிய செயற்குழுவுக்கு முதலில் என் பாராட்டு. விடுமுறையில், இந்தக் குளிரில், ஹட்டனிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு என் நன்றி. கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து, வரும் ஆண்டுக்குக் கற்பித்தலைப் புதுப்பிப்பது பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது ஒரே ஒரு விஷயம்தான். பிள்ளை என்ன எடுத்தாள் என்பதைப் புள்ளித்தாள் சொல்லும். நாம் என்ன கொடுத்தோம் என்பதை அவளுடைய கொப்பிதான் சொல்லும். ஆகவே புதிய ஆண்டின் திட்டத்தை எழுதுவதற்கு முன், பழைய ஆண்டின் கொப்பியைத் திறப்போம்.

இதை இந்த மலைநாட்டில் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டிய பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தியது 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம். அதன்படி எழுந்த பள்ளிக்கூடங்களில் பல ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொண்டவை. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்த்தார். தோட்டத்து மக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும், வந்த கடிதத்தை வாசித்துக் காட்டியவரும் அநேகமாக அவரேதான். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அந்த ஓட்டத்துக்கு வெளியிலேயே நின்றன. 1970களின் பிற்பகுதியில்தான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1986 முதல் சுவீடன் நாட்டின் சீடா நிறுவன உதவியுடன் கட்டடங்கள் வந்தன. தோட்டத்து இளைஞர் யுவதிகள் ஆசிரியர்களாகப் பயிற்றப்பட்டார்கள். ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலையும் இருக்கிறது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் பயின்றவர்களாக இருப்பீர்கள்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். மலையகத்து ஆசிரியர் தனியாளாகத்தான் தொடங்கினார். தன் வகுப்பைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்கு அடுத்த அறையில் ஆள் இருக்கவில்லை. இன்று கட்டடம் வந்துவிட்டது, ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள், அடுத்த அறையில் ஆள் இருக்கிறார். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கற்பிக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

இப்போது ஆண்டு முடிவை நாம் எப்படிக் கழிக்கிறோம்? மூன்றாம் தவணைப் பரீட்சை, விடைத்தாள் திருத்தம், தேர்ச்சி அறிக்கை, பரிசளிப்பு விழா, வலயக் கல்வி அலுவலகம் கேட்கும் படிவங்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்தால் ஒரு கூட்டம் வைக்கிறோம். எத்தனை ஏ, எத்தனை பீ, எத்தனை சீ என்று எண்ணுகிறோம். சென்ற ஆண்டைவிடக் கூடினால் மகிழ்கிறோம், குறைந்தால் கணித ஆசிரியரைப் பார்க்கிறோம். கணக்கெடுப்பு தேவையானதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு கூட்டம் சேருவதே இல்லை. தரம் 6இல் நம்மோடு சேர்ந்து, தரம் 11க்கு வராமலே போன பிள்ளைகள். பரீட்சைக்கு உட்காராதவளுக்குப் பெறுபேறு கிடையாது. அதனால் அவளைப் பற்றிக் கூட்டமும் கிடையாது.

அதனால்தான் கொப்பி என்கிறேன். ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பு ஒன்றிலிருந்து மூன்று கொப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் கொப்பி ஒன்று. நம் கண்ணில் அதிகம் படாத, நடுவிலே இருக்கும் பிள்ளையின் கொப்பி ஒன்று. மூன்றாவது, பாதியில் நின்றுபோன கொப்பி. ஜனவரி முதல் நவம்பர் வரை பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். அரை மணித்தியாலம் போதும்.

முதல் கொப்பியில் பெரும்பாலும் நம் கையெழுத்தின் நகலைத்தான் காண்பீர்கள். கரும்பலகையில் நாம் எழுதியது அவளுடைய அழகான எழுத்தில் இருக்கும். அவளாகச் சொன்ன ஒரு வசனம் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று தேடுங்கள். அது கிடைக்க நேரமானால், அவளுடைய ஏ சித்தி அவளுடைய நினைவாற்றலுக்கு நாம் கொடுத்த சான்றிதழ்தான்.

இரண்டாவது கொப்பியில் சிவப்பு மையைப் பாருங்கள். சரி அடையாளம், கையொப்பம், திகதி. சில இடங்களில் பிழையான விடையின் மேலேயே சரி அடையாளம் இருக்கும். நாற்பது கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஆசிரியரின் களைப்பு அது. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாற்பது கொப்பிக்குக் கையொப்பம் வைப்பதைவிட, வாரத்துக்கு எட்டுக் கொப்பியை வாசித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதுவது மேல். ஐந்து வாரத்தில் வகுப்பு முழுவதையும் வாசித்துவிடலாம்.

மூன்றாவது கொப்பிதான் முக்கியம். அது எந்தத் திகதியில் நின்றது என்று பாருங்கள். பிறகு வரவு இடாப்பை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நம் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பெருகும். அம்மா காலையிலேயே மலைக்குப் போய்விட்டால், தம்பி தங்கையைப் பார்ப்பது மூத்த பெண்பிள்ளை. மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவ மழை பிடித்துக்கொள்ளும். மேல்கணக்கிலிருந்து நடந்து வரும் பிள்ளைக்கு நனைந்த சீருடை மறுநாள் காலையில் காய்ந்திருக்காது. முதலில் வெள்ளிக்கிழமை வரமாட்டாள். பிறகு திங்களும் சேரும். பிறகு ஒரு வாரம். கொப்பியில் ஒரு பாடம் விடுபட்டிருக்கும், அடுத்த பாடம் பாதியில் இருக்கும், அதற்கடுத்தது இருக்காது. பிள்ளை திடீரென்று நின்றுவிட்டாள் என்று நாம் சொல்கிறோம். கொப்பியோ அவள் மெல்ல மெல்லப் போனதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது.

இப்படிப் போன பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த டயகமச் சிறுமி ஒருத்தியின் மரணச் செய்தியைக் கேட்டு மலையகமே கொதித்தெழுந்ததை நாம் மறந்துவிடவில்லை. தரகரைப் பற்றிப் பேசினோம், வறுமையைப் பற்றிப் பேசினோம், சட்டத்தைப் பற்றிப் பேசினோம். எல்லாம் பேச வேண்டியவையே. ஆசிரியர்களாகிய நமக்கென்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நம் பாடசாலையில் இந்த ஆண்டு எந்தக் கொப்பி நின்றது? தரகர் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே இடாப்பிலும் கொப்பியிலும் அடையாளம் தெரிந்துவிடுகிறது. அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பவர் வகுப்பாசிரியர் ஒருவரே.

சரி, கொப்பியைப் பார்த்தாயிற்று. இனிக் கற்பித்தலில் எதை மாற்றுவது?

நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வோர்னர் என்றொரு ஆசிரியை இருந்தார். மாவோரிப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பித்தவர். 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் தன் முறையை விளக்கியிருக்கிறார். அங்கே கொடுக்கப்பட்டிருந்த வாசிப்பு நூலில் வேறு வாழ்க்கையின் சொற்கள் இருந்தன. பிள்ளைகளுக்கு அவை ஒட்டவில்லை. ஆகவே அவர் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் அழைத்து, உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டார். பிள்ளை சொன்ன சொல்லை ஓர் அட்டையில் எழுதி அவள் கையிலேயே கொடுத்தார். பேய் என்று கேட்டவர்கள் இருந்தார்கள், முத்தம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள், அம்மா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பயமும் பாசமும் கலந்த சொற்கள். அந்தச் சொற்களைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்தே பிடித்துக்கொண்டார்கள்.

நம் பிள்ளைக்கும் சொற்கள் இருக்கின்றன. லயம், பெரட்டு, கொழுந்து, கூடை, அட்டை, பனி, காமன் கூத்து, மாரியம்மன் திருவிழா. ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் வரும் ஜனவரியில் இந்தச் சொல் அட்டையைச் செய்து பாருங்கள். செலவு, ஒரு பழைய கலண்டரின் பின்பக்கம்.

மேல் வகுப்புக்கும் இது பொருந்தும். சதவீதம் கற்பிக்கிறோம். பாடநூலில் கடைக்காரர் வாங்கிய விலையும் விற்ற விலையும் இருக்கும். அதைச் செய்யுங்கள். அதோடு சம்பளச் சீட்டு ஒன்றையும் கரும்பலகையில் வரையுங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அந்த 1,000 ரூபாவுக்கு ஊழியர் சேமலாப நிதிக்காக அம்மாவிடமிருந்து கழிப்பது 8 சதவீதம், அதாவது 80 ரூபா. நிர்வாகம் போட வேண்டியது 12 சதவீதம், 120 ரூபா. நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம், 30 ரூபா. இந்தக் கணக்கைப் படித்த பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவின் சீட்டை வாங்கிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். சதவீதம் அவர்களுக்குப் பிறகு மறக்கவே இல்லை.

விகிதம் கற்பிக்க வேண்டுமா? ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 18 கிலோ பறித்தால் எவ்வளவு தூள் என்று கேளுங்கள். விஞ்ஞானத்தில் சக்தி மாற்றம் வருகிறதா? நோர்வூட் பஸ்ஸில் வரும் பிள்ளை அன்றாடம் பார்ப்பது காசல்ரீ நீர்த்தேக்கம். அந்த நீர் விமலசுரேந்திர மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு, நோட்டன் வழியாக லக்ஷபானவுக்கு இறங்குகிறது. ஒரே நீர் இரண்டு இடத்தில் மின்சாரம் தருவது எப்படி என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பெற்றோர்களே சொல்லியிருக்கிறார்கள்: "டீச்சர், கொழுந்தும் கூடையும் எங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளை அதைவிட்டுப் போகத்தானே பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்?" நியாயமான கேள்வி. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துக் கல்வி போதும் என்று சொல்லித்தான் நெடுங்காலம் நம்மை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். ஆகவே இதில் கவனம் வேண்டும். வீட்டுச் சொல் வாசற்படி. அதில் கால் வைத்துத்தான் உள்ளே ஏற வேண்டும், அதிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. சம்பளச் சீட்டில் தொடங்கிய சதவீதம் அதே வாரத்தில் வங்கி வட்டிக்குப் போக வேண்டும். காசல்ரீயில் தொடங்கிய பாடம் சக்திச் சமன்பாட்டில் முடிய வேண்டும்.

இனி அந்தச் சாத்திய கதவுக்கு வருகிறேன். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து தயாரிக்கிறார்கள். ஒருவர் வகுப்பில் கற்பிக்க, மற்றவர்கள் பின்னால் நின்று பார்க்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் இது. 1999இல் அமெரிக்காவில் 'த டீச்சிங் கேப்' என்ற நூல் வெளிவந்தபின் வெளிநாடுகளிலும் பரவியது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், வந்து பார்ப்பவர்கள் ஆசிரியரைப் பார்ப்பதில்லை என்பதுதான். பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையின் பேனா நின்றது, யார் பக்கத்துக் கொப்பியைப் பார்த்தாள், யார் வாயைத் திறக்கவே இல்லை என்று குறிக்கிறார்கள்.

நமக்கு வகுப்புக்குள் இன்னொருவர் வருவதென்றால் மேற்பார்வை என்றுதான் அர்த்தம். லொக் புத்தகத்தில் என்ன எழுதுவார்களோ என்ற பயம். நானும் பல ஆண்டுகள் அந்த மேற்பார்வைக் கொப்பியோடு வகுப்புகளுக்குப் போனவள்தான். உள்ளே நுழைந்த உடனே பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், ஆசிரியரின் குரல் மாறும். அந்த நாற்பது நிமிடத்தில் நடப்பது வேறு பாடம். ஆகவே அலுவலகத்திலிருந்து வருபவரை விட்டுவிடுங்கள். இரண்டு பேர் சோடி சேருங்கள். தவணைக்கு ஒருமுறை நான் உங்கள் வகுப்பின் பின்வாங்கில் உட்காருகிறேன், நீங்கள் என் வகுப்பில் உட்காருங்கள். எதையும் படிவத்தில் எழுத வேண்டாம். பார்த்த மூன்று பிள்ளைகளைப் பற்றி மட்டும் தேநீர் வேளையில் பேசுங்கள்.

ஆசிரியர்களின் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. இதற்கெல்லாம் நேரம் எங்கே? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதிலிருந்து பாடசாலை ஆண்டே குழம்பிப்போனது. விட்ட பாடத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டே இருந்தீர்கள். கைத்தொலைபேசிக்குச் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளுக்காக வினாத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சம்பளம் வீட்டுச் செலவுக்கே போதாமல் போனபோதும் வகுப்பை விடவில்லை. உங்கள் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்ற நான் வரவில்லை. புதுப்பிப்பது என்றால் ஒன்றைச் சேர்ப்பது மட்டுமல்லவே, ஒன்றை விடுவதும்தான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெட்டாத செடி தளிர்க்காது. வரும் ஆண்டில் எதை விடப்போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். பாடநூலில் அப்படியே இருக்கும் குறிப்பைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் பார்த்தெழுதுவதை விடலாம். நான் பார்த்த வகுப்புகளில் பாதிப் பாடவேளை அதற்கே போயிற்று. அந்த இருபது நிமிடம் மிஞ்சினால் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஒரு தவணைக்கு ஒரு மாற்றம் போதும். மூன்று தவணையில் மூன்று மாற்றம். அடுத்த டிசம்பரில் கொப்பியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக என் பழைய மாணவித் தோழிகளுக்கு. கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறீர்கள். இலண்டனிலும் டொரொண்டோவிலும் மெல்பேர்னிலும் இருக்கிறீர்கள். நூற்றாண்டு நினைவாக என்ன கொடுப்பது என்று பல யோசனைகள் வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். வளைவு கட்டலாம், கணினி கொடுக்கலாம். நல்லது. நான் இரண்டு சிறிய விஷயங்களைக் கேட்கிறேன்.

ஒன்று, தவணைக்கு ஒரு பிற்பகலை ஆசிரியர்களுக்குப் பரிசாகக் கொடுங்கள். பாடசாலை முடிந்தபின் பகல் சாப்பாடு, நகல் எடுக்கும் செலவு, தாமதமாக வீடு திரும்புவதற்கு வாகனம். அவ்வளவுதான். அந்தப் பிற்பகலில் அவர்கள் மூன்று கொப்பிகளைத் திறப்பார்கள். நின்றுபோன கொப்பிக்குரிய பிள்ளையின் வீட்டுக்கு, அந்த வாரமே, வகுப்பாசிரியருடன் சங்க உறுப்பினர் ஒருவரும் போக வேண்டும். இங்கே பக்கத்தில் இருக்கும் நாம் அதைச் செய்யலாம். அவள் இருக்கும் லயத்திலிருந்து படித்து வந்தவள் ஒருத்தி வாசலில் வந்து நின்றால், அந்த அம்மாவுக்கு நாம் வேறு எதுவும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, ஒரு கடிதம். தச்சருக்குத் தான் செய்த நாற்காலி தெரியும். ஆசிரியருக்குத் தன் வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிவதில்லை. பிள்ளை போய்விடுகிறாள். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் கற்பித்த இர. சிவலிங்கம் அவர்களை மலையகம் இன்றும் நினைப்பதற்குக் காரணம், அவரிடம் படித்தவர்கள் அதை எழுதியும் பேசியும் வைத்ததுதான். நமக்குக் கற்பித்த எத்தனையோ டீச்சர்மாரைப் பற்றி யாரும் எழுதவில்லை. உங்களில் ஒவ்வொருவரும் இங்கே படித்த காலத்தில் மனதில் தங்கிய ஒரே ஒரு பாடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். "நல்ல டீச்சர்" என்று எழுத வேண்டாம். அன்று என்ன செய்தார், என்ன கேட்டார், அது ஏன் இன்னும் நினைவில் நிற்கிறது என்று எழுதுங்கள். ஐம்பது கடிதம் வந்தால், எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத ஒரு நூல் இந்தப் பாடசாலையின் ஆசிரியர் அறையில் இருக்கும். உங்களுக்குக் கற்பித்தவர் உயிரோடு இருந்தால், ஒரு பிரதியை அவருக்கே அனுப்புங்கள்.

ஆசிரிய நண்பர்களே, ஜனவரியில் புதிய இடாப்பில் பெயர் எழுதுவீர்கள். எழுதும்போது பழைய இடாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்து இதில் இல்லாத பெயர் ஒன்று இருந்தால், முதல் பாடத்தைத் தொடங்குவதற்கு முன் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.